அப்பாவுக்கு வந்த வயிற்றுப் புற்றுநோய் பிள்ளைக்கும் வருமா?

காஞ்சீபுரம் பிள்ளையார்பாளையத்தில் பொழுது விடிந்ததும் தறிச் சத்தம் கேட்கத் தொடங்கும். ஒரு வீட்டில் கல்யாணப் புடவை. அடுத்த வீட்டில் இன்னொரு கல்யாணப் புடவை. எந்த ஊர்ப் பெண்ணோ, எந்த ஊர் மாப்பிள்ளையோ! அவர்கள் முகூர்த்தத்துக்கு உடுத்தப் போகும் பட்டு இங்கே விரல் விரலாக வளர்கிறது.

ஊரார் கல்யாணத்துக்கு நெய்கிற வீட்டிலும் பெண் இருக்கிறாள், பிள்ளை இருக்கிறான். அவர்களுக்கும் வரன் பார்க்கிறார்கள். ஜாதகம் பார்த்த பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சிலர் இன்னொன்றும் கேட்பார்கள்.

"பெண்ணின் அப்பா எதனால் காலமானார்?"

"வயிற்றிலே கட்டி. புற்றுநோய் என்று டாக்டர் சொன்னார்."

"அவருடைய அண்ணனுக்கும் அதுதானாமே?"

பேச்சு அத்தோடு நின்றுவிடும். மறுநாள் "ஜாதகம் பொருந்தவில்லை" என்று சொல்லி அனுப்புவார்கள்.

காஞ்சீபுரத்தில் மட்டும் நடக்கிற பேச்சு அல்ல இது. தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் கேட்கலாம். பரம்பரை நோய் என்ற பயம்தான் காரணம். அந்தப் பயத்தில் உண்மை இருக்கிறதா?

கொஞ்சம் இருக்கிறது. ஆனால் ஜனங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை.

காஞ்சி மறக்காத நோய்

புற்றுநோய் என்ற பெயரைக் காஞ்சீபுரம் மறக்க முடியாது. இந்த ஊரில் நெசவாளர் குடும்பத்தில் 1909ஆம் ஆண்டு செப்டம்பர் 15ந் தேதி பிறந்த அறிஞர் அண்ணா, முதல்-அமைச்சராக இருந்தபோது அந்த நோய்க்கு ஆளானார். 1968ல் அமெரிக்காவுக்குச் சென்று நியூயார்க் நகரில் ஆபரேஷன் செய்துகொண்டார். ஆனாலும் 1969 பிப்ரவரி 3ந் தேதி காலமானார். அவருக்கு நோய் கண்டது உணவுக் குழாயில். தொண்டையிலிருந்து இரைப்பைக்குச் சோற்றைக் கொண்டு போகும் குழாய் அது.

காஞ்சீபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் உள்ள அரசாங்கப் புற்றுநோய் ஆஸ்பத்திரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அது தொடங்கப்பட்டதும் 1969ல்தான்.

உணவுக் குழாய்க்குக் கீழே இருப்பது இரைப்பை. அதில் வரும் புற்றுநோய்தான் இரைப்பைப் புற்றுநோய். ஜனங்கள் அதை வயிற்றுப் புற்று என்பார்கள். சென்னையில் யார் யாருக்கு எந்தப் புற்றுநோய் வருகிறது என்று கணக்கு எடுக்கும் பதிவேடு 1980களின் தொடக்கத்திலிருந்து இருக்கிறது. அதில் பல ஆண்டுகள், ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதல் இடம் இரைப்பைப் புற்றுநோய்க்கே கிடைத்தது. ஆகவே இது நமக்கு எங்கோ தூரத்தில் இருக்கும் நோய் அல்ல.

மாவீரனின் பயம்

"அப்பாவுக்கு வந்தது எனக்கும் வருமோ?" என்று பயந்தவர்களில் ஒரு சக்கரவர்த்தியும் உண்டு. அவர்தான் நெப்போலியன்.

நெப்போலியனின் தகப்பனார் 1785ல் வயிற்று நோயால் இறந்தார். அவருக்கு இரைப்பையில் கட்டி இருந்ததாகச் சொன்னார்கள். நெப்போலியன் ஐரோப்பாவையே நடுங்க வைத்தவர். ஆனால் செயிண்ட் ஹெலினா தீவில் கைதியாகக் கிடந்தபோது வயிற்று வலி அவரை நடுங்க வைத்தது. "நான் இறந்த பிறகு என் வயிற்றைத் திறந்து பாருங்கள். என்ன இருந்தது என்று என் மகனுக்குச் சொல்லுங்கள்" என்ற கருத்தில் அவர் டாக்டரிடம் கேட்டுக்கொண்டார்.

1821 மே 5ந் தேதி அவர் இறந்தார். வயது 51. வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். இரைப்பையில் பெரிய புண்ணும் கட்டியும் இருந்தன.

அப்பனுக்கும் வயிற்றில் கட்டி, மகனுக்கும் வயிற்றில் கட்டி. பரம்பரை நோய் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா என்று உலகம் நினைத்தது. வெகு காலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தது.

நெப்போலியன் இருக்கட்டும். முதலில், பரம்பரை என்பது என்ன? அப்பாவின் மூக்கு மகளுக்கு எப்படி வருகிறது?

தறியில் இருக்கிறது விடை

இதைக் காஞ்சீபுரத்துக்காரர்களுக்குச் சொல்வது எளிது. பட்டுத் தறியின் மேலே ஜக்கார்டு என்ற கருவி இருக்கிறது. அதில் துளை போட்ட அட்டைகள் வரிசையாகத் தொங்குகின்றன. எந்தப் பாவு இழை மேலே எழ வேண்டும், எது கீழே நிற்க வேண்டும் என்று அட்டையில் உள்ள துளைகளே சொல்லும். மயிலும் அன்னமும் மாங்காயும் புடவையில் வருவது அதனால்தான். (பிரான்ஸ் நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு இந்தக் கருவியைச் செய்தது நெப்போலியன் ஆட்சிக் காலத்தில்! அதற்காக அவருக்கு ஓய்வுச் சம்பளமும் கிடைத்தது.)

நம் உடம்பிலும் இப்படி அட்டைகள் உண்டு. அவற்றுக்கு மரபணு என்று பெயர். கண்ணுக்குத் தெரியாதவை. மனிதனுக்குச் சுமார் 20 ஆயிரம் மரபணுக்கள் இருக்கின்றன. தாயிடமிருந்து ஒரு கட்டு, தந்தையிடமிருந்து ஒரு கட்டு என்று இரண்டு கட்டு அட்டைகளோடு குழந்தை பிறக்கிறது.

எல்லோருடைய அட்டைகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு துளை இங்கே, ஒரு துளை அங்கே தள்ளி இருக்கும். பெரும்பாலும் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஒருவர் கறுப்பு, ஒருவர் சிவப்பு, ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை, அவ்வளவுதான். மிக அபூர்வமாக, ஒரு துளை மாறினாலும் பெரிய விபரீதம் விளையும். அப்படிப்பட்ட ஒரு பிழை இரைப்பைப் புற்றுநோயிலும் உண்டு.

சாபம் என்று நினைத்த குடும்பம்

நியூசிலாந்து தேசத்தின் பூர்வ குடிகள் மவோரி மக்கள். அவர்களில் ஒரு பெரிய குடும்பத்தில், சுமார் 30 ஆண்டுகளில் 25 பேருக்கு மேல் இரைப்பைப் புற்றுநோயால் மாண்டார்கள். நடுத்தர வயதினர் மட்டும் அல்ல, 14 வயதிலேயே இறந்ததும் உண்டு. ஏதோ சாபம் பிடித்திருக்கிறது என்று அந்தக் குடும்பத்தில் சிலர் நினைத்தார்கள். நம் ஊராக இருந்தால் குலதெய்வக் குற்றம் என்று சொல்லியிருப்போம்.

அந்தக் குடும்பத்தார் சும்மா இருக்கவில்லை. ஒட்டாகோ பல்கலைக்கழகத்தை நாடினார்கள். தங்கள் வம்சாவளியைத் தாங்களே எழுதித் தந்தார்கள். ரத்தமும் கொடுத்தார்கள். பாரி கில்போர்டு என்ற விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் தேடினார்கள். 1998ல் காரணம் வெளிப்பட்டது. சி.டி.எச்.1 என்ற ஒரே ஒரு மரபணுவில் பிழை!

உடம்பின் அணுக்களை ஒன்றோடு ஒன்று ஒட்டி வைக்கும் பசையை அந்த மரபணு தயாரிக்கிறது. பிழை உள்ளவர்களின் இரைப்பையில், நாளடைவில் சில அணுக்கள் பசை விட்டுக் கழன்றுகொள்கின்றன. கழன்றவை இரைப்பைச் சுவருக்குள் பரவுகின்றன. கட்டியாகத் திரளாமல் பரவுவதால், உள்ளே கேமரா விட்டுப் பார்த்தாலும் எளிதில் அகப்படுவதில்லை.

இந்தப் பிழை உள்ள பெற்றோருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். காசைச் சுண்டிப் போட்டால் பூவோ தலையோ விழுவது போல, பாதிக்குப் பாதி. பிழை வந்தவர்கள் எல்லோருக்கும் நோயும் வருவதில்லை. 100 பேரில் 70 பேருக்கு வரும் என்று முன்பு கணக்கிட்டார்கள். மேலும் பல குடும்பங்களைப் பார்த்த பிறகு அந்தக் கணக்கு 40 அளவுக்கு இறங்கியது. இந்தப் பிழை உள்ள பெண்களுக்கு மார்புப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் அதிகம்.

அந்த மவோரி குடும்பத்தில் பலர் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டார்கள். பிழை இருந்தவர்களில் சிலர், நோய் வருமுன்பே இரைப்பையை ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். இரைப்பை இல்லாமல் உயிர் வாழ முடியுமா என்று திகைக்க வேண்டாம். வாழ முடியும். உணவுக் குழாயைச் சிறுகுடலோடு சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிட வேண்டும். வைட்டமின் பி12 ஊசி ஆயுள் முழுவதும் போட்டுக்கொள்ள வேண்டும். எளிய வாழ்க்கை அல்ல, ஆனால் வாழ்க்கை.

இப்படி, ஒரே மரபணுவின் பிழையால் வருவது மிகக் குறைவு. இரைப்பைப் புற்றுநோய் வந்த 100 பேரை எடுத்துக்கொண்டால், தெளிவாகப் பரம்பரை வழி வந்தது என்று சொல்லத் தக்கவர்கள் 1 முதல் 3 பேர்தான். மற்றவர்களுக்கு?

ஏ குரூப் ரத்தம்

சிறிய சிறிய வேறுபாடுகளும் கொஞ்சம் கொஞ்சம் வேலை செய்கின்றன. 1953லேயே ஒன்று தெரிந்தது. இங்கிலாந்தில் அயன் எய்ர்டு என்ற சர்ஜனும் அவருடைய சகாக்களும் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் ரத்த குரூப்பைப் பார்த்தார்கள். ஓ குரூப்காரர்களைவிட ஏ குரூப்காரர்களுக்கு இரைப்பைப் புற்றுநோய் ஏறக்குறைய 5ல் 1 பங்கு அதிகமாக வந்திருந்தது. ரத்த குரூப்பும் பரம்பரையாக வருவதுதானே!

இதைப் படித்துவிட்டு ஏ குரூப்காரர்கள் யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தேவை இல்லை. 1,000 பேரில் 10 பேருக்கு வரக்கூடிய இடத்தில் 12 பேருக்கு வரும் என்றால், மீதி 988 பேருக்கு வராது என்றுதான் பொருள். ஏ குரூப் என்பதற்காகப் பெண்ணைத் தட்டிக் கழிக்கிறவர், சைக்கிளில் போனவர் விழுந்தார் என்பதற்காகச் சைக்கிள் வைத்திருக்கும் மாப்பிள்ளையை வேண்டாம் என்கிறவரைப் போன்றவர்.

டாக்டர் குடித்த கிருமி

அப்படியானால் பெரிய குற்றவாளி யார்? அவனைப் பிடித்தது ஆஸ்திரேலியாவில். பெர்த் நகரத்து டாக்டர்கள் இருவர், ராபின் வாரன், பாரி மார்ஷல். இரைப்பையில் சுருள் வடிவமான ஒரு கிருமி குடியிருப்பதை அவர்கள் கண்டார்கள். வயிற்றுப் புண்ணுக்கு அதுதான் காரணம் என்றார்கள். "இரைப்பையில் இருக்கும் அமிலத்தில் கிருமி உயிரோடு இருக்குமா?" என்று மற்ற டாக்டர்கள் சிரித்தார்கள்.

மார்ஷல் என்ன செய்தார் தெரியுமா? 1984ல் ஒரு நாள், வளர்த்து வைத்திருந்த அந்தக் கிருமியைக் கலக்கிக் குடித்துவிட்டார்! மனைவியிடம்கூட முன்கூட்டிச் சொல்லவில்லை. சில நாளில் வாந்தி எடுத்தது. உள்ளே பார்த்தால் இரைப்பை அழன்று போயிருந்தது. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொள்ளக் கொஞ்ச காலம் பிடித்தது. 2005ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தக் கிருமிக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்று பெயர். பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. தாயிடமிருந்து பிள்ளைக்கு, அண்ணனிடமிருந்து தம்பிக்கு, ஒரே வீட்டுக்குள் பரவுகிறது. பல ஆண்டுகள் இரைப்பையை அரித்துக்கொண்டே இருக்கிறது. இது புற்றுநோயை உண்டாக்கும் கிருமி என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1994ல் அறிவித்தது. அந்த நிலையம் இருப்பது லியோன் நகரில். ஜக்கார்டின் ஊர்!

நெப்போலியன் கதைக்கு இப்போது திரும்பலாம். 2007ல் ஒரு டாக்டர் குழு அவருடைய வயிற்றைப் பற்றிய பழைய குறிப்புகளை எல்லாம் திரும்ப ஆராய்ந்தது. புற்றுநோய்தான் என்பது உறுதி ஆயிற்று. ஆனால் மூல காரணம் பரம்பரை அல்ல, பெரும்பாலும் இந்தக் கிருமியால் வந்த நாட்பட்ட புண்தான் என்று அவர்கள் சொன்னார்கள். போர்க்களத்தில் உப்பிட்ட இறைச்சியையே தின்றதும், காய்கறி பழம் கிடைக்காததும் சேர்ந்துகொண்டனவாம்.

இரு நூறு ஆண்டுகளாகப் பரம்பரைக்குச் சாட்சி சொல்லிவந்த குடும்பம், கடைசியில் சாட்சி மாறிவிட்டது! அப்பாவும் பிள்ளையும் மரபணுவில் மட்டுமா பங்கு கொள்கிறார்கள்? ஒரே அடுப்பு, ஒரே ஊறுகாய் ஜாடி, ஒரே பீடிக் கட்டு, ஒரே கிருமி.

இழையும் இழுப்பும்

ஆனாலும் ஒரு கேள்வி பாக்கி. இந்தியாவில் வயது வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்தக் கிருமி இருக்கிறது. எல்லோருக்கும் புற்றுநோய் வரவில்லையே. ஏன்?

மறுபடியும் தறிக்குப் போகலாம். நெய்கிறபோது இழை அறுவது சகஜம். அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்துவார். முனைகளைத் தேடிப் பிடித்து முடி போட்டுச் சேர்ப்பார். பிறகு நாடா ஓடும். முடி போடத் தெரியாதவன் தறியில் உட்கார்ந்தால், அறுந்த இடமெல்லாம் அப்படியே நிற்கும். புடவை பாழ்.

உடம்பிலும் மரபணு இழைகள் அறுகின்றன. அவற்றை முடிந்து சேர்ப்பதற்கென்றே சில மரபணுக்கள் உண்டு. கிருமி செய்கிற வேலை இழையை அறுப்பது. முடி போடும் மரபணுவிலேயே பிழை இருந்தால் என்ன ஆகும்?

ஜப்பானில் இதைப் பார்த்தார்கள். இரைப்பைப் புற்றுநோய் கண்ட 10 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், நோய் இல்லாத 38 ஆயிரம் பேர், எல்லோருடைய மரபணுக்களையும் சோதித்தார்கள். முடிவு 2023ல் வெளியாயிற்று. கிருமி மட்டும் இருந்து, மரபணுவில் பிழை இல்லாதவர்களில், 85 வயதுக்குள் 100க்கு சுமார் 14 பேருக்கு நோய் வரும் என்று கணக்கிட்டார்கள். கிருமியும் இருந்து, முடி போடும் மரபணுவில் பிழையும் இருந்தால் 100க்கு சுமார் 45 பேர். பிழை இருந்தும் கிருமி இல்லாதவர்களில்? 100க்கு 5 பேருக்கும் குறைவு!

ஜப்பானில் இந்த நோய் நம் நாட்டைவிட அதிகம். ஆகவே அந்த எண்ணிக்கையை அப்படியே நமக்குப் போட்டுப் பார்க்கக்கூடாது. ஆனால் அதில் உள்ள சேதி நமக்கும் உரியது. அப்பாவிடமிருந்து வந்த மரபணுவை மாற்ற முடியாது. கிருமியை ஒழிக்க முடியும். டாக்டர் எழுதித் தரும் மாத்திரைகளைச் சுமார் 14 நாள் விடாமல் சாப்பிட்டால் பெரும்பாலானவர்களுக்குப் போய்விடுகிறது. கடையில் கேட்டு வாங்கி நாலு நாள் விழுங்கிவிட்டு நிறுத்தினால், கிருமி மருந்துக்குப் பழகிக்கொள்ளும்.

புகை கரைத்த தண்ணீர்

நம் நாட்டில் இந்த நோய் மிக அதிகமாக இருக்கும் இடம் வடகிழக்கே உள்ள மிசோராம். அங்கே துய்புர் என்று ஒன்று விற்கிறார்கள். புகையிலையை எரித்து, அந்தப் புகையைத் தண்ணீருக்குள் செலுத்துகிறார்கள். புகை கரைந்த அந்தத் தண்ணீரை வாயில் வைத்துக்கொள்கிறார்கள். கையால் சுருட்டிய காரமான சிகரெட்டும், புகையூட்டிய இறைச்சியும் அங்கே வழக்கம். துய்புர், சிகரெட், புகை இறைச்சி மூன்றும் நோயோடு தொடர்பு கொண்டவை என்று ஆராய்ச்சிகள் காட்டின.

நமக்குத் துய்புர் தெரியாது. பீடி தெரியும். சென்னையில் நடந்த ஆராய்ச்சி ஒன்றும் புகை பிடிப்பவர்களுக்கு இந்த நோய் அதிகம் என்று கண்டது. ஊறுகாயும் அதில் மாட்டிக்கொண்டது. தயிர் சாதத்துக்கு ஒரு துண்டு மாவடு தொட்டுக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை. மூன்று வேளையும் காய்கறி இல்லாமல் ஊறுகாயை வைத்தே சோற்றை முடிப்பதுதான் கெடுதி. கருவாட்டுக்கும் இதே கணக்குத்தான்.

சீதபேதி என்றார்கள்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை குடலில் புற்றுநோய் கண்டு 1923ல் இறந்தார். முதலில் அதைச் சீதபேதி என்று நினைத்து வைத்தியம் செய்தார்கள். உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அந்தத் துக்கம் முத்துலட்சுமி அம்மையார் மனதில் முப்பது ஆண்டுகள் இருந்தது. 1954ல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி பிறந்தது அதனால்தான்.

அன்று சீதபேதி என்றார்கள். இன்றைக்கு "வாயுத் தொல்லை", "அல்சர்" என்கிறோம். வயிறு மந்தம் என்றால் ஒரு சோடா. மறுநாள் ஓமத் திராவகம். அதற்கு மறுநாள் சுக்குக் கஷாயம். ஒரு வாரத்தில் சரியானால் நல்லது. இரண்டு மூன்று வாரம் ஆகியும் தீராவிட்டால்?

நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுகிறது. காரணம் இல்லாமல் உடம்பு இளைக்கிறது. அடிக்கடி வாந்தி. மலம் தார் போலக் கறுத்துப் போகிறது. விழுங்கச் சிரமம். ரத்தச் சோகை. இவற்றில் எது இருந்தாலும், குடும்பத்தில் யாருக்கும் நோய் இல்லாவிட்டாலும், டாக்டரிடம் போக வேண்டும். நடுவயதைத் தாண்டியவர்கள் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது.

பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இரைப்பைப் புற்றுநோய் இருந்தால், மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு ஜாக்கிரதை தேவை. நோய் வரும் வாய்ப்பும் அவர்களுக்கு அத்தனை மடங்குதான் அதிகம். முதலில் கிருமி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். ஊதச் சொல்லி மூச்சிலும் பார்ப்பார்கள், மலத்திலும் பார்ப்பார்கள்.

ஒரே குடும்பத்தில் பலருக்கு வந்திருந்தாலோ, 40, 50 வயதுக்குள் யாருக்காவது வந்திருந்தாலோ, மரபணுப் பரிசோதனை வேண்டுமா என்று டாக்டரைக் கேட்க வேண்டும். அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் பரம்பரைப் புற்றுநோய்க்கென்று தனிக் கிளினிக்கே இருக்கிறது. போகும்போது ஒரு காகிதத்தில் தாத்தா பாட்டி முதல் எழுதிக்கொண்டு போவது நல்லது. யாருக்கு என்ன நோய், எந்த வயதில் வந்தது, எந்த வயதில் இறந்தார்கள். அத்தைகளையும் சித்திகளையும் விட்டுவிடக்கூடாது. தாய் வழியாகவும் பிழை வரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிழை இருப்பது ரத்தத்தில் தெரிந்தால், அண்ணன் தம்பிகளும் அக்கா தங்கைகளும் பார்த்துக்கொள்ளலாம். இல்லை என்று தெரிந்தவர் நிம்மதியாகத் தறியில் உட்காரலாம். இருக்கிறது என்று தெரிந்தவருக்கோ, அவருடைய அப்பாவுக்குக் கிடைக்காத அவகாசம் கிடைக்கிறது.

வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பார்களே என்ற பயத்தில் பலர் ஆஸ்பத்திரிப் பக்கமே போவதில்லை. முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாமல் வெறும் வயிற்றோடு போக வேண்டும். தொண்டையில் மரத்துப் போகும் மருந்து அடிப்பார்கள். சுண்டு விரல் கனம் உள்ள குழாய், அதன் நுனியில் சின்னக் கேமரா. பார்த்து முடிக்கச் சுமார் கால் மணி நேரம். சந்தேகமான இடத்திலிருந்து அரிசி நுனி அளவு சதை கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். தொண்டை மரத்தது தெளிந்ததும் காப்பி குடிக்கலாம். அன்று மாலையே வீட்டில் இருக்கலாம்.